பொருந்தாத மூன்று எண்கள்: ஒரு பழைய கோல்ட் (Colt) ரிவால்வர் கைமாறிய நிகழ்வு

பின்னணி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், நான்கு தலைமுறைகளாக ஒரே குடும்பத்தின் வசம் இருந்த பண்ணை வீடு, அதன் கடைசி உரிமையாளரான மூதாட்டி காலமானபின் விற்பனைக்கு வந்தது. இப்படிப்பட்ட சமயங்களில் வீட்டுச் சாமான்கள் அனைத்தையும் உள்ளூர் ஏல நிறுவனம் ஒன்றிடம் மொத்தமாக ஒப்படைத்துவிடுவது அங்கே வழக்கம். மாடி அறையில் இருந்த மரப்பெட்டியைப் பிரித்தபோது, கம்பளிப் போர்வைகளுக்கு அடியில் தோல் உறையோடு ஒரு ரிவால்வரும், பாதி காலியான தோட்டாப் பெட்டி ஒன்றும், மடித்து வைத்த இராணுவ விடுவிப்புச் சான்றிதழ் ஒன்றும் கிடைத்தன. மூதாட்டியின் கொள்ளுத்தாத்தா குதிரைப்படையில் பணியாற்றி, மேற்குச் சமவெளிகளில் பூர்வகுடிகளுக்கு எதிராக நடந்த போர்களில் இந்த ரிவால்வரை ஏந்தினார் என்பது அக்குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த செய்தி.

வாங்க விரும்பியவர் தமிழ்நாட்டிலிருந்து சென்று ஹெச்-1பி விசாவில் பணியாற்றும் பொறியாளர். பழைய கேமராக்களைச் சேகரித்துப் பழகியவர் என்றாலும் துப்பாக்கியைப் பொறுத்தவரை இதுவே அவருக்கு முதல் பொருள். இத்துறையில் சற்று முன்னதாக இறங்கியவன் என்ற முறையில் என்னிடம் ஆலோசனை கேட்டார். ஏலப் பட்டியலில் அந்தப் பொருளைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: கோல்ட் நிறுவனத்தின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி, குதிரைப்படை மாதிரி, குழல் பிற்காலத்தில் வெட்டப்பட்டது, எண்கள் பொருந்தவில்லை. இந்த வரியின் காரணமாகவே மதிப்பீட்டுத் தொகையும் குறைவாக வைக்கப்பட்டிருந்தது.

சட்ட நிலை

ஏலத்துக்கு முன் முதலில் தீர்க்க வேண்டியிருந்தது விலை அன்று, உரிமை. குடியேற்ற உரிமையில்லாத தற்காலிக விசாவில் இருப்பவர்கள், சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க ஒன்றியச் சட்டம் தடை விதிக்கிறது. ஆனால் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, 1898 அல்லது அதற்கு முன் தயாரிக்கப்பட்ட துப்பாக்கி பழம்பொருளாகக் கருதப்படுகிறது. அச்சட்டத்தின் பொருளில் அது துப்பாக்கியே ஆகாது. பென்சில்வேனியா சட்டமும் பெரும்பாலும் இதே வரையறையைப் பின்பற்றுகிறது. ஆகவே இந்த ரிவால்வரின் ஃபிரேம் (மற்ற பாகங்களைத் தாங்கும் உடற்பகுதி) 1898க்கு முற்பட்டது என்று உறுதியானால், அவர் அதை வாங்கி வைத்துக்கொள்ளத் தடையில்லை.

சிக்கல் தோட்டாப் பெட்டியில் இருந்தது. பெட்டியின் அச்சும் அட்டையும் அது ரிவால்வரைவிடப் பல பத்தாண்டுகள் பிந்தியது என்பதைக் காட்டின. .45 கோல்ட் தோட்டாக்கள் இன்றும் தயாரிக்கப்படுகின்றன, இன்றைய துப்பாக்கிகளிலும் பயன்படுகின்றன. எனவே ரிவால்வருக்குக் கிடைக்கும் விலக்கு தோட்டாவுக்குக் கிடைக்கும் என்று கொள்ள முடியாது. ஏலக்காரர் இரண்டையும் ஒரே எண்ணில் சேர்த்துப் பட்டியலிட்டிருந்தார். தோட்டாக்களைப் பிரித்தெடுத்துக் குடும்பத்தாரிடமே விட்டுவிட வேண்டும் என்று நண்பர் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டார். ஏலக்காரரும் மறுப்பின்றி அவ்வாறே செய்தார். வாங்குபவர்களில் பலர் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. துப்பாக்கி பழம்பொருள் என்று தெரிந்ததும் உறைக்குள் இருப்பதையும் சேர்த்து வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுகிறார்கள்.

இந்தியாவுக்குத் திரும்பும்போது இதைக் கொண்டுசெல்ல முடியுமா என்றும் அவர் கேட்டார். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அமெரிக்காவைப் போல ஆண்டை அளவுகோலாகக் கொள்வதில்லை. பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட இயலாத நிலையில் இருக்கும் பழம்பொருளுக்கே அங்கே விலக்கு. சுடக்கூடிய நிலையில் உள்ள இந்த ரிவால்வருக்கு அது பொருந்தாது என்பதால், அந்த எண்ணம் அங்கேயே கைவிடப்பட்டது.

பார்வை நாளில் கண்டவை

ஏலத்துக்கு முந்தைய நாள் பொருள்களைக் கையில் எடுத்துப் பார்க்க அனுமதித்தார்கள். எதையும் கழற்ற அனுமதிக்கவில்லை. ஹாமரை, அதாவது தோட்டாவை அடிக்கும் சுத்தியலை, பாதி இழுத்து, தோட்டா இடும் வலப்பக்கத்துக் கதவைத் திறந்து, உருளையின் ஆறு தோட்டா அறைகளும் காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகே ஆய்வு தொடங்கியது. ஹாமரை முழுவதும் இழுக்கும்போது இந்த மாதிரிக்கு உரிய நான்கு சொடுக்குகளும் தெளிவாகக் கேட்டன. கடைசிச் சொடுக்கில் உருளை அசையாமல் பூட்டிக்கொண்டது. உருளையின் அச்சைப் பிடித்திருப்பது ஃபிரேமின் முன்பக்கத் திருகு. 1890களின் நடுப்பகுதிவரை செய்யப்பட்ட கரிமருந்துக் (பழைய கறுப்பு வெடிமருந்து) காலத்து ஃபிரேம்களில்தான் இந்தத் திருகு உண்டு. பின்னர் பக்கவாட்டு அழுத்துப்பூட்டு வந்துவிட்டது. திருகுகளின் தலைக்கீற்றுகள் சிதையாமல் இருந்தன. அண்மைக் காலத்தில் யாரும் அவசரக் கையால் திறந்து பார்க்கவில்லை என்பதற்கு அது நல்ல அறிகுறி.

ஃபிரேமின் இடப்பக்கத்தில் 1871, 1872, 1875 ஆகிய ஆண்டுகளின் காப்புரிமைத் தேதிகளும், அவற்றையடுத்து யு.எஸ். என்ற இரண்டு எழுத்துகளும் இருந்தன. அரசு இராணுவத்துக்கு வாங்கியவற்றுக்கும் கடையில் விற்றவற்றுக்கும் விலையில் பெரிய வேறுபாடு இருப்பதால், இத்துறையில் அதிகம் போலி செய்யப்படுவது இந்த இரண்டு எழுத்துகள்தாம். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தபோது, பழைய துருவின் சிறு குழிகள் எழுத்துக்கு வெளியே தொடங்கி எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கி மறுபக்கம் ஏறிச் செல்வது தெரிந்தது. எழுத்தின் விளிம்புகளும் சுற்றியுள்ள பரப்பைப் போலவே தேய்ந்து மழுங்கியிருந்தன. புதிதாக அடித்த முத்திரையில் அடியின் வேகத்தில் விளிம்பு மேலெழும்பி நிற்கும். ஏற்கெனவே இருந்த குழிகளும் அடியில் நசுங்கிப் பாதியில் அறுபட்டுப் போகும். இங்கே அப்படி ஒன்றுமில்லை.

குழலின் நீளம் ஐந்தரை அங்குலம். அடிப்புறத்தில் சோதனைத் தேர்ச்சிக் குறியான பி என்ற எழுத்தும், அதனருகே டி.எஃப்.சி. என்ற சிறு எழுத்துகளும் இருந்தன. இவை 1880களில் கோல்ட் ஆலையில் இராணுவத்துக்காகப் பரிசோதகராக இருந்த டேவிட் எஃப். கிளார்க்கின் பெயர் முதலெழுத்துகள். ஒரே துண்டாகச் செய்த வால்நட் மரப் பிடியின் இடப்பக்கத்தில் ஒரு முத்திரை பாதி தேய்ந்து கிடந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது ஆர், ஏ ஆகிய எழுத்துகளும், அடுத்த எழுத்தின் வளைவும் படிக்கக் கிடைத்தன. உருளையின் மேற்பரப்பு கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கு இறுகிப்போய் இருந்தது. கூடத்தின் விளக்கொளியில் அங்கே குறிகள் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய இயலவில்லை.

எண்களின் பொருள்

இந்த மாதிரியில் வரிசை எண் முக்கியமாக மூன்று இடங்களில் இருக்கும்: ஃபிரேமின் அடிப்புறம், டிரிகர் கார்டு (சுடும் விசையைச் சுற்றிய வளையம்), பிடியின் பின்பட்டையின் அடிமுனை. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் போல, இவை ஒத்துப்போக வேண்டும் என்பதே பொது விதி. இந்த ரிவால்வரில் ஃபிரேம் 58 ஆயிரத்து வரிசை, டிரிகர் கார்டு 105 ஆயிரத்து வரிசை, பின்பட்டை 131 ஆயிரத்து வரிசை. உற்பத்தி அட்டவணைப்படி இவை முறையே 1880, 1884, 1890 ஆகிய ஆண்டுகள்.

“அண்ணா, ஒண்ணோட ஒண்ணு சேரவே இல்லையே, விட்டுடலாமா?” என்று நண்பர் கேட்டார். ஏலக்காரர் நினைத்ததும் இதுவே. வேறொரு மாதிரியாக இருந்திருந்தால் நானும் விட்டுவிடத்தான் சொல்லியிருப்பேன்.

இங்கே வரலாறு சற்று விரிவாகத் தேவைப்படுகிறது. அமெரிக்க இராணுவம் 1873இல் இந்த .45 ரிவால்வரை ஏற்றுக்கொண்டது. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்டில் இருந்த கோல்ட் ஆலையிலிருந்து 1891 வரை சுமார் 37,000 ரிவால்வர்களை வாங்கியது. அவை அனைத்தும் ஏழரை அங்குலக் குழல் கொண்டவை; குதிரைப்படை மாதிரி எனப்படுவது இதுவே. 1892இல் .38 அளவிலான புதிய ரிவால்வர் வந்ததும் பழையவை கிடங்குகளுக்குச் சென்றன. 1895 முதல் அவற்றைப் புதுப்பிக்கும் பணி தொடங்கியது: ஸ்பிரிங்ஃபீல்டு இராணுவத் தொழிற்சாலையிலும் கோல்ட் ஆலையிலும் குழல்களை ஐந்தரை அங்குலமாகக் குறைத்து, பாகங்களைப் பிரித்துச் சீர்செய்து, எண்களைப் பொருட்படுத்தாமல் கைக்குக் கிடைத்த நல்ல பாகங்களைக் கொண்டு மீண்டும் பூட்டினார்கள். முதலில் இலகு பீரங்கிப் படைக்கு வழங்கப்பட்டதால் சேகரிப்பாளர்கள் இவற்றை ஆர்ட்டிலரி மாதிரி என்று அழைக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் போரில் .38 தோட்டா எதிரியைத் தடுத்து நிறுத்தப் போதவில்லை என்ற குறை எழுந்தபோது, கிடங்கில் இருந்த இந்த .45கள் மீண்டும் களத்துக்குப் போயின. புதுப்பித்தவற்றைப் பரிசோதித்த ரினால்டோ ஏ. காரின் முதலெழுத்துகளே ஆர்.ஏ.சி.; பிடியில் பாதி தேய்ந்திருந்த முத்திரை அதுதான்.

ஆகவே இந்த மாதிரியில் எண்கள் கலந்திருப்பது இயல்பு. தொடக்கத்தில் மாற்றப்பட்ட தொகுதியில் எண் கலையாதவையும் உண்டு. ஆனால் பெரும்பாலானவை கலந்தவையே. எண்கள் கலந்திருப்பதே சான்றாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். உதிரிப் பாகங்களை வாங்கிப் பூட்டிய எந்த ரிவால்வரிலும் எண்கள் கலந்துதான் இருக்கும். மூன்று எண்களும் அரசு வாங்கிய காலத்துக்குள் அடங்குவது, குழலில் பரிசோதகர் குறி இருப்பது, குழல் வாய்முனையில் வெட்டப்பட்டு குறிபார்க்க உதவும் முன்குறி சரியான இடத்தில் நேர்த்தியாகப் பற்றவைக்கப்பட்டிருப்பது, பிடியில் ஆர்.ஏ.சி. முத்திரை இருப்பது ஆகிய நான்கும் சேர்ந்துதான் ஏலப் பட்டியலின் வரி தவறு என்ற முடிவுக்கு எங்களைக் கொண்டுவந்தன. உருளை மட்டும் கேள்விக்குறியாகவே நின்றது. அந்த ஐயத்துக்கு இடம்விட்டே உச்ச விலையை முடிவு செய்தோம். மூவாயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவான தொகைக்கு ரிவால்வர் அவருக்குக் கிடைத்தது.

வாங்கியபின் எடுத்த முடிவுகள்

ரிவால்வரைப் பார்த்த உள்ளூர்த் துப்பாக்கிப் பழுதுநர் ஒருவர், பழுப்பேறிய பரப்பை மெருகேற்றி, இரும்புக்கு மீண்டும் நீலநிறம் ஏற்றி, ஏழரை அங்குலப் புதுக் குழல் ஒன்றையும் பொருத்தினால் “அசல் குதிரைப்படை ரிவால்வர்” ஆகிவிடும் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சுடுவதற்காகத் துப்பாக்கி வாங்குபவர்கள் கேட்பது அதைத்தான். ஆனால் மெருகேற்றினால் யு.எஸ். எழுத்துகளின் விளிம்பும், அதற்குள் இறங்கிய துருக்குழிகளும் மறைந்துபோகும். எந்தச் சான்றை வைத்து அதை உண்மையானது என்று கண்டோமோ அதுவே அழிந்துவிடும். நீளக் குழலைப் பொருத்தினால் இராணுவமே செய்த மாற்றத்தை அழித்து, அதன் இடத்தில் இக்காலத்துப் பாகத்தை வைத்ததாகிவிடும். இரண்டும் மறுக்கப்பட்டன.

துருவைப் பொறுத்தவரை ஒரு வேறுபாட்டைக் கவனித்தோம். கையில் ஒட்டாத, கெட்டியான பழுப்பு அடங்கிப்போன துரு. அதை அப்படியே விட்டோம். டிரிகர் கார்டின் உள்வளைவில் துணியில் செம்பொடியாக ஒட்டிய துரு இன்னும் அரித்துக்கொண்டிருப்பது. அந்த இடத்தில் மட்டும் இலேசான எண்ணெயைத் தடவி ஊறவிட்டுப் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தோம். துணியில் செம்மை வராத வரை இது தொடர்ந்தது. கம்பி நாரோ, துரு நீக்கும் திரவமோ பயன்படுத்தவில்லை. தோல் உறை தனியாக வைக்கப்பட்டது. தோலில் உள்ள ஈரமும் பதனிட்ட இரசாயனங்களும் இரும்பை அரிக்கும் என்பதால் ரிவால்வரை அதன் சொந்த உறைக்குள் வைப்பதே அதற்குச் செய்யும் பெரிய கேடு.

சுட்டுப் பார்ப்பதில்லை என்ற முடிவு விவாதமின்றி எடுக்கப்பட்டது. விசா நிலை ஒரு காரணம். கரிமருந்தைவிட அதிக அழுத்தம் தரும் புகையில்லா மருந்துக்கு இந்த மாதிரி ஏற்றது என்று கோல்ட் நிறுவனம் உறுதி தரத் தொடங்கியது 1900இல். 1880இல் செய்த ஃபிரேம் அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதன்று என்பது மற்றொரு காரணம்.

கடிதமும் நிபுணர் அறிக்கையும்

ஃபிரேம் எண்ணைக் கொடுத்து கோல்ட் ஆவணக் காப்பகத்திடம் கடிதம் கேட்கப்பட்டது. .45, ஏழரை அங்குலக் குழல், 1880, அமெரிக்க அரசுக்கு அனுப்பப்பட்டது என்று பதில் வந்தது. குழல் நீளம் வேறுபடுகிறதே என்று நண்பர் கலங்கினார். காப்பகப் பதிவேடு ஆலையைவிட்டு வெளியேறிய நாளின் நிலையை மட்டுமே சொல்லும். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் இராணுவம் செய்தது அதில் ஏறாது. அக்கடிதம் உறுதி செய்வதும் ஃபிரேமின் வரலாற்றை மட்டுமே.

பின்னர், இராணுவ கோல்ட் ரிவால்வர்களை மட்டுமே ஆய்வு செய்யும் நிபுணர் ஒருவரிடம் ரிவால்வர் கொடுக்கப்பட்டது. ஃபிரேம், குழல், டிரிகர் கார்டு, பின்பட்டை, பிடி ஆகிய ஐந்தும் அசல் என்றும், குழலைக் குறைத்தது இராணுவப் புதுப்பிப்பின்போதுதான் என்றும் அவர் எழுதினார். உருளையைப் பற்றிய அவரது கருத்து சாதகமாக இல்லை. பிசுக்கை மெல்லக் கரைத்து எடுத்துப் பார்த்ததில் பி என்ற எழுத்தோ பரிசோதகர் குறியோ இல்லை. கடைச் சந்தைக்குச் செய்யப்பட்ட உருளை, இராணுவத்தைவிட்டு வெளியேறிய பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்பது அவரது முடிவு. இதனால் விலைமதிப்பு கணிசமாகக் குறைந்தாலும், வாங்கிய தொகைக்குக் கீழே போகவில்லை.

குறியுள்ள அசல் உருளை ஒன்றைத் தேடி வாங்கிப் பொருத்தலாமா என்ற கேள்வி எழுந்தது. இராணுவமே பாகங்களைக் கலந்து பூட்டிய பொருளில் இன்னொரு அரசு உருளையைச் சேர்ப்பதில் என்ன தவறு என்று கேட்பவர்கள் உண்டு; அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. இருந்தாலும், அன்று கலந்தது இராணுவக் கிடங்கு, இன்று கலப்பது விலையை எண்ணும் கை என்பதால் நான் அதற்கு எதிராகவே சொன்னேன். நண்பரும் இப்போதைக்கு இருப்பதையே விட்டுவைக்க முடிவு செய்தார்.

குடும்பக் கதையின் நிலை

விடுவிப்புச் சான்றிதழின் நகலைக் குடும்பத்தார் அன்புடன் அனுப்பிவைத்தார்கள். அதன்படி, அந்த மனிதர் 1899இல் தம் 22ஆம் வயதில் தன்னார்வக் காலாட்படையில் சேர்ந்து, பிலிப்பைன்ஸில் பணியாற்றி, 1901இல் விடுவிக்கப்பட்டார். சமவெளிப் போர்களின் கடைசிப் பெரும் துயரமான வூண்டட் நீ படுகொலை நடந்த 1890இல் அவர் பதின்ம வயதுச் சிறுவன். குதிரைப்படைக் கதை இதனால் விழுந்துவிட்டது.

அந்த இடத்தில் பிலிப்பைன்ஸ் கதையை வைத்துவிடும் ஆசை எல்லோருக்கும் வந்தது. காலமும் ரிவால்வரின் வகையும் பொருந்தவே செய்கின்றன. ஆயினும் காலாட்படை வீரரின் ஆயுதம் ரைஃபிள். ரிவால்வர் வழங்கப்பட்டிருந்தாலும் அது அரசின் உடைமை, விடுவிக்கப்படும்போது திருப்பித் தர வேண்டியது. அதோடு, இராணுவம் கழித்த ஆயுதங்களை நியூயார்க்கின் ஃபிரான்சிஸ் பேனர்மேன் நிறுவனம் போன்ற வணிகர்கள் அஞ்சல்வழிப் பட்டியல் மூலம் எவருக்கும் விற்றுவந்த காலம் அது. கோப்பில் “இரண்டும் ஒரே பெட்டியில் கிடைத்தன, தொடர்புக்கு வேறு சான்றில்லை” என்று மட்டும் எழுதப்பட்டது. குடும்பத்தாருக்கு இது சிறிது வருத்தம் தந்தது.

பின்னர் நேர்ந்தது

சில காலம் கழித்து நண்பருக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைத்தது. பழைய கைத்துப்பாக்கிகளுக்கு அம்மாநிலம் தரும் விலக்கு குறுகலானது. தோட்டா இன்றும் கடையில் கிடைக்கும் ரிவால்வர், எவ்வளவு பழையதாயினும், அந்த விலக்குக்குள் வராது. ஒன்றியச் சட்டம் அனுமதிப்பதை மாநிலச் சட்டம் அனுமதிக்காத நிலை. விற்றுவிடுவது எளிதாக இருந்திருக்கும். அதைவிட, பொருள் கிடைத்த ஊரிலேயே இருக்கட்டும் என்று அவர் எண்ணினார். அந்தப் பகுதியின் வரலாற்றுச் சங்கத்துக்கு எழுத்து மூலமான ஒப்பந்தத்தின்பேரில் ஆண்டுக் கடனாகக் கொடுத்தார். காப்பகக் கடிதம், நிபுணர் அறிக்கை, எல்லாக் கோணங்களிலும் எடுத்த படங்கள் ஆகியவற்றின் நகல்களும் உடன் சென்றன. காட்சிப் பலகையில் பூர்வகுடிப் போர்கள் என்ற சொல் வேண்டும் என்று குடும்பத்தில் ஒருவர் கேட்டார், சங்கம் இணங்கவில்லை. பலகையில் 1880 ஃபிரேம், இராணுவத்தில் புதுப்பிக்கப்பட்டது, உருளை பிற்காலத்தது என்ற விவரங்களோடு, கிடைத்த வீட்டின் பெயர் மட்டும் இடம்பெற்றது.

மாற்ற வேண்டியவை

இத்தகைய அடுத்த கொள்முதலில் சட்ட ஆய்வை வாங்குபவர் அப்போது வசிக்கும் மாநிலத்தோடு நிறுத்தாமல், பணி நிமித்தம் அவர் போகக்கூடிய மாநிலங்களுக்கும் விரிக்க வேண்டும். விசாவில் இருப்பவர்களுக்கு இடமாற்றம் அரிதானதன்று. பார்வை நாளுக்குக் கையடக்க விளக்கும் லென்ஸும் எடுத்துச் செல்வதோடு, படிக்க முடியாத பாகத்தின் அருகாமைப் படத்தை ஏலக்காரரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது, பெரும்பாலோர் மறுப்பதில்லை. குடும்பத்தாரின் வாய்மொழிச் செய்தியை, ஆவணங்களைக் காட்டுவதற்கு முன்பே, சொன்னவர், கேட்ட நாள் ஆகிய குறிப்புகளோடு பதிந்துகொள்ள வேண்டும். சான்றிதழைப் பார்த்தபின் கதையும் அதற்கேற்ப மாறிவிடுவதை இம்முறை கண்டோம். கடன் ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. அடுத்த புதுப்பிப்பில், உரிமையாளரின் எழுத்துபூர்வ இசைவின்றி எந்தப் பாகத்தையும் மாற்றவோ மெருகேற்றவோ கூடாது என்ற விதியைச் சேர்க்கச் சங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது.